பரிசோதனைக்கு முன்பே தீர்ப்பா?

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாண்டா ஃபே நகரில், 2025 பிப்ரவரி 26-ஆம் தேதி ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹாக்மேனும் மனைவி பெட்சி அரகாவாவும் தங்கள் வீட்டில் பிணமாகக் கிடந்தார்கள். அவருக்கு வயது 95, மனைவிக்கு 65. மனைவி கிடந்த குளியலறையில் மாத்திரைகள் சிதறியிருந்தன. வளர்ப்பு நாய் ஒன்றும் செத்திருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது போலாயிற்று. கொலை என்றார்கள், தற்கொலை என்றார்கள், விஷவாயு என்றார்கள், சொத்தையும் இழுத்தார்கள்.

மார்ச் 7-ஆம் தேதி அதிகாரிகள் உண்மையை வெளியிட்டார்கள். எலியின் எச்சத்தால் தொற்றும் ஹான்டா வைரஸ், மனைவியின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றிருந்தது. கணவர் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து இதய நோயால் இறந்திருக்கிறார். மறதி நோய் முற்றியிருந்ததால் மனைவி இறந்ததையே அவர் அறியாமல் இருந்திருக்கலாம் என்றார் மருத்துவ அதிகாரி. சிதறிக் கிடந்தவை தைராய்டு மாத்திரைகள். ஊகித்தவர்களில் எத்தனை பேர் வெட்கப்பட்டார்களோ!

புகழ்பெற்ற குடும்பத்துக்காகப் பேச வக்கீல்கள் உண்டு. தாராவியிலோ சயானிலோ ஒற்றை அறையில் குடியிருக்கும் தமிழ்த் தம்பதிக்கு இந்த முடிவு நேர்ந்தால் யார் இருக்கிறார்கள்? போலீஸ் பூட்டை உடைக்கும் முன்பே மாடிப்படியில் கதை தயாராகிவிடுகிறது. அவளுக்கு யாரோடோ பேச்சாம், இவனுக்குக் கடனாம். சடலம் ரயிலேறும் முன்பே செய்தி கைபேசி வழியாகத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தை எட்டிவிடுகிறது. அங்கே தங்கையின் நிச்சயதார்த்தம் நின்று போகும். பிறகு வருகிற எந்த மருத்துவச் சான்றிதழும் அதைத் திருப்பித் தராது.

ஊர் வம்பில் அடிபட்டுப் போவது மானம் மட்டுமல்ல, எச்சரிக்கையும்தான். காற்றோட்டமில்லாத குளியலறையில் காஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சமையல் காஸ் கசிந்தால் தெரிவது வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட நாற்றம். எரிந்த புகைக்கு அந்த உதவி கிடையாது. ஜன்னல் சாத்தியிருந்ததா, கீசர் எரிந்துகொண்டிருந்ததா, கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள் என்பதைப் பக்கத்து வீட்டார் போலீசிடம் சொன்னால் அது சாட்சியம். அதே கீசர் மாட்டிய அடுத்த வீட்டுக்காரர் பிழைக்கவும் அது வழி. காரணம் கள்ள உறவுதான் என்று முடிவு கட்டிவிட்டால் கீசரை யார் பார்க்கப் போகிறார்கள்?

போலீசாரின் பொறுப்பும் குறைவில்லை. சந்தேக மரண விசாரணைக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 194-ஆவது பிரிவு இருக்கிறது. எண் மாறினாலும் வழக்கம் மாறவில்லை. முதல் நாள் சந்தேகத்தை நிருபர்களிடம் தாராளமாகச் சொல்கிறார்கள். உள்ளுறுப்புகள் கலீனா ஆய்வுக்கூடத்துக்குப் போய், முடிவு வரும்போது சொல்லுவாரில்லை. சாண்டா ஃபே அதிகாரிகளோ 9-ஆவது நாளே நிருபர்களைக் கூட்டி, தேதிவாரியாக விளக்கினார்கள். இங்கேயும் சந்தேகத்தைச் சொன்ன அதே அதிகாரி முடிவையும் சொல்ல வேண்டும். அறிக்கையின் பிரதி உறவினருக்குத் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்தார் ஒருவர் உடன் போய், மராட்டியில் எழுதிய பஞ்சநாமாவைப் படித்துச் சொன்னால், ஊரிலிருந்து வந்த வயதான தகப்பனார் ஸ்டேஷன் வாசலில் நாள் கணக்கில் நிற்க வேண்டியிருக்காது.