எவ்வளவு தூரம்?

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "எந்தக் காலத்தில், ஐயா?" என்று திருப்பிக் கேட்பதே நியாயம்.

ஆகாய மார்க்கமாகச் சுமார் 220 மைல். சிறிய விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். காலைக் காப்பியைச் சென்னையில் அருந்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்லூரில் இலை போடச் சொல்லலாம்!

1947 டிஸம்பரில் ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. பிற்காலத்தில் அந்த வழி அடைபட்டது. 1983-ல் மூண்ட யுத்தம் அதற்குப் பூட்டே போட்டுவிட்டது. அப்புறம் யாழ்ப்பாணத்தார் சென்னைக்கு வரவேண்டுமானால், முதலில் தெற்கே கொழும்புக்கு 250 மைல். அங்கிருந்து வடக்கே திரும்பி 425 மைல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்!

2009-ல் யுத்தம் ஓய்ந்தது. ஆயினும் பத்து வருஷம் கழித்து, 2019 நவம்பரில்தான் பலாலிக்கும் சென்னைக்கும் மறுபடி விமானம் பறந்தது. அடுத்த வருஷமே கொள்ளை நோய் அதை நிறுத்திற்று. 2022 டிஸம்பரில் மீண்டும் தொடங்கிற்று.

இத்தனைக்கும் நடுவிலுள்ள கடல் ஓர் அங்குலமும் அகலவில்லை. ஆனால், தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்க ஓடி வரும் மகனுக்கு, 220 மைலுக்கும் 675 மைலுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கணக்கா, சொல்லுங்கள்!