சட்டைப்பையில் ஓர் இசைப்பேழை : நிறையும் குறையும்

சாரல் காலத்தில் குற்றாலம் செல்வோர் அருவியைக் காண்பதற்கு முன்பே கேட்டுவிடுகின்றனர். தென்காசியிலிருந்து ஏறிய பேருந்தை விட்டு இறங்கிச் சில அடிகள் நடந்தாற் போதும். பேரருவியின் ஓசை எதிர்கொண்டு அழைக்கும். கண்ணுக்கு முன்னே செவிக்கு விருந்து வைக்கும் ஊர் அது. சென்ற ஆண்டு நம் துறை மாணவர்களுடன் அங்குச் சென்றிருந்த பொழுது நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

மாணவர் ஒருவர், வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்த உறவினரிடம் இரவல் பெற்ற கருவியொன்றைக் கொண்டு வந்திருந்தார். தோற்றத்தில் கைப்பேசி, ஆயினும் அதற்குப் பேசத் தெரியாது, பாட மட்டுமே தெரியும். "இது ஹை-ரெஸ் பிளேயர், ஐயா. ஸ்டூடியோவில் பாடியது பாடியபடியே கேட்கும். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் இதுபோல் ஒன்று வாங்கலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று வினவினார். தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று உடனிருந்தோர் நகைத்தனர். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் பயிற்றுவிக்கும் நமக்குச் செவியைப் பற்றிய வினா எதுவும் புறம்பானதன்று. சிந்தித்துச் சொல்வதாகக் கூறினோம். சிந்தித்தவற்றை இம்மலரில் மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் அனைவர் முன்னும் வைக்கின்றோம்.

கருவி வந்த வழி

நடந்துகொண்டே தனக்கு மட்டும் பாட்டுக் கேட்கும் பழக்கத்தை உலகிற்குப் பரப்பியது 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்ட வாக்மேன் ஆகும். 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. 1990-களில் எம்பி3 என்னும் சுருக்கமுறை பரவியது. பாட்டின் அளவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 2001-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட், ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பைக்குள் அடக்கியது. பின்னர்க் கைப்பேசியே அனைத்துமாகிவிட, 2022-இல் ஐபாட் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

கைப்பேசி விழுங்கிய அதே துறையிலிருந்து மற்றொரு கிளை தழைத்தது. சுருக்கத்தில் இழந்த தெளிவை மீட்போம் என்னும் முழக்கத்துடன், 2012 முதற்கொண்டு உயர்தெளிவு இசைப்பான்கள் வரலாயின. பாடகர் நீல் யங் 2014-இல் பொதுமக்களிடம் 60 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டி, போனோ என்னும் கருவியைக் கொணர்ந்தார். சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி முடிவுற்றது. ஆயினும் இத்தகைய கருவிகள் மறையவில்லை. 2023-இல் சோனி நிறுவனம் இந்தியாவில் வெளியிட்ட இசட்எக்ஸ்707 என்னும் வாக்மேனின் விலை ரூ. 69,990. நடுத்தரக் குடும்பத்தின் பல மாத வருவாய் அது.

உயர்தெளிவு என்பது யாது?

கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் ஒரு மாத்திரை என்று வகுத்து, ஒலியை அளந்து காட்டியவர் நம் இலக்கண ஆசிரியர். மின்னணுப் பதிவும் ஒலியை அளக்கும் வேலையே. குறுந்தகடு ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்துக் கொள்ளும். இதனை 16 பிட் என்பர். உயர்தெளிவுப் பதிவோ பெரும்பாலும் நொடிக்கு 96,000 முறை அளக்கும். 24 பிட் என்பதால் படிகள் 1,67,77,216 ஆகும். நான்கு நிமிடப் பாடலொன்று 128 கிலோபிட் எம்பி3-இல் ஏறத்தாழ 4 மெகாபைட். குறுந்தகட்டில் 42 மெகாபைட். உயர்தெளிவில், சுருக்காத நிலையில், 138 மெகாபைட்.

நிறைகள்

முதலாவது, நன்கு பதிவான பாடலை மிகைச்சுருக்கமின்றிக் கேட்கலாம். மிகவும் சுருக்கிய கோப்பில் சிங்கியின் கணீரொலி மழுங்கும். பாடுவோர் மூச்செடுக்கும் ஓசை மறையும். இவ்விழப்பு உண்மையானதே.

இரண்டாவது, தடித்த தலையணி ஒலிபெருக்கிகளை இயக்கும் ஆற்றல் இக்கருவிகளுக்குண்டு.

மூன்றாவதே நம் நோக்கில் தலையாயது. இது கேட்பதற்கென்றே அமைந்த கருவி. பாட்டின் நடுவே அழைப்பு வாராது, விளம்பரம் குறுக்கிடாது. கைப்பேசியில் ஒரு பாடலை இறுதிவரை கேட்கும் பொறுமையை இழந்துவிட்ட தலைமுறைக்கு, ஒன்றைத் தொடங்கி முடிக்கும் ஒழுக்கத்தை இது கற்பிக்குமாயின் அது பெரும்பேறே.

குறைகள்

விலை முதற்குறை. வீண்விரயத்தை விலக்கச் சொல்லி வளர்க்கப்பட்டோர் நாம். கொடுக்கும் பணத்திற்கு ஈடான பயன் உண்டா என்று கேட்பது கருமித்தனமன்று, கடமை.

பயனை அளந்து பார்த்தோரும் உளர். மனிதச் செவி கேட்கும் எல்லை 20,000 அதிர்வுகளே. குறுந்தகட்டின் எல்லையோ 22,050. நாற்பதைக் கடந்த நம் போன்றோர் செவிக்கு மேல்வரம்பு இன்னும் தாழ்ந்துவிடும். 2007-இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தெளிவு எது, குறுந்தகட்டுத் தரம் எது என்று 554 முறை வினவப்பட்டதற்கு 276 விடைகளே சரியாயின. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் இதே கணக்குத்தான் வரும். 2016-இல் இலண்டனில் ஜோசுவா ரைஸ் என்னும் அறிஞர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சிறிதளவு வேறுபாட்டை மனிதர் உணர்கின்றனர் என்றும், பயிற்சி பெற்றோர் கூடுதலாக உணர்கின்றனர் என்றும் முடிவு கண்டார். இரண்டையும் சேர்த்து நோக்கின், வேறுபாடு இருப்பினும் அது மிக நுண்ணியது. அதனைப் பிடிக்கப் பழகிய செவி வேண்டும் என்பது தெளிவு.

மேலும், மூலப்பதிவில் இல்லாததை எந்தக் கருவியும் தாராது. 2015-இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பழைய பாடல்களை நோன்புக் காலங்களில் கேட்டு வளர்ந்தோர் நாம். ஒலிவாங்கி இல்லாமலேயே கூட்டத்தின் கடைசி வரிசையை எட்டிய குரல் அது. பலமுறை படியெடுத்துத் தேய்ந்த ஒலிநாடாவிலிருந்து அக்குரலை 24 பிட்டாக மாற்றினால், தேய்மானம்தான் தெளிவாகக் கேட்கும். கம்பியில்லாக் காதணியை மாட்டினாலோ, அதுவும் ஒலியைப் பெரும்பாலும் சுருக்கியே அனுப்பும்.

அருவிக்கரையில் ஒரு சோதனை

அன்று அம்மாணவரின் கருவியை ஐந்தருவிக்கு அருகில் நின்று கேட்டோம். பாட்டின் மெல்லிய பகுதிகள் அருவியோசையில் மூழ்கின. ஒலியைக் கூட்டினோம், இன்னும் கூட்டினோம், செவி நொந்தது. தென்காசிக்குத் திரும்பும் நகரப் பேருந்திலும் அதே நிலை. 16 பிட் பதிவில் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி உண்டு. 24 பிட்டில் கணக்கின்படி 144. பேருந்தின் இரைச்சலே 70, 80 டெசிபலைத் தொடுமாயின், அதற்கும் மேலே அத்தனை இடைவெளியையும் தாங்கும் செவி யாருக்குண்டு? எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது என்பதே இக்கருவியின் பெருமை. ஆனால் எடுத்துச் சென்ற இடத்தில் அதன் தெளிவு பயன்படுவதில்லை. தெளிவு பயன்படும் அமைதியான அறையிலோ எடுத்துச் செல்ல வேண்டிய தேவையே இல்லை.

ஒலியைக் கூட்டுவது தீங்கும் ஆகும். வாரத்திற்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே வளர்ந்தோர்க்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லை. செவியின் நுண்ணுணர்வு ஒருமுறை அழியின் மீளாது.

அன்றிரவு விடுதியறையில், கதவடைத்து, கைப்பேசியிலும் இசைப்பானிலும் ஒரே பாடலை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, கண்ணை மூடிக் கேட்டோம். முறையான ஆய்வன்று; எனினும் நால்வரில் எவராலும் உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் கேட்டதுபோல் அப்பாடலை அதற்கு முன் ஒருபோதும் கேட்டதில்லை. காரணம் கருவியன்று, கவனம்.

தெளிவு வேண்டிய இடம்

அவ்வறையில் நம் நினைவு வேறிடம் சென்றது. 1980-களில் நம் தந்தையார் வளைகுடாவில் பணியாற்றினார். கடிதம் எழுதத் தெரியாத பாட்டியார் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரின் முன் அமர்ந்து பேசி, ஒலிநாடாவை அனுப்புவார். அவற்றுள் ஒன்றில், தந்தையார் அதுவரை கண்டிராத நம் தங்கைக்கு அவர் பாடிய தாலாட்டு இருந்தது. மகன் தன் குழந்தை உறங்குவதையேனும் கேட்கட்டும் என்று பாடி அனுப்பியது. பாட்டியார் மறைந்து ஆண்டுகள் பல கடந்த பின், சாரல் ஈரம் ஏறிய இரும்புப் பெட்டியிலிருந்து அந்நாடாவை எடுத்தோம். பூஞ்சை படிந்திருந்தது. அதனைத் துடைக்கும் முறை அறியாமல், பழைய கருவியொன்றில் ஆவலோடு இட்டோம். இரண்டு நிமிடம் பாடியது; பின்னர் நாடா சுற்றிக்கொண்டு அறுந்தது. அறுந்த பகுதியைச் சீர்செய்ய இயலவில்லை. தாலாட்டின் பிற்பாதி இனி உலகில் எங்கும் இல்லை.

அந்த இரண்டு நிமிடத்தில் இரைச்சல் இருந்தது, சேவல் கூவியது, ஓட்டின்மீது மழை பெய்தது. உயர்தெளிவு சற்றும் இல்லாத பதிவு. எனினும் எந்த ஸ்டூடியோப் பாடலையும் அதற்கு ஈடாகக் கொள்ளோம்.

ஆகவே நம் முடிவு இதுதான்: உயர்தெளிவு இன்றியமையாதது கேட்கும் முனையில் அன்று, பதிக்கும் முனையில். பதிக்கும்போது குரல் எவ்வளவு உயரும், எவ்வளவு தாழும் என்று முன்னரே அறிய இயலாது. பதித்தபின் இரைச்சலை நீக்கவும் வேண்டியிருக்கும். இவற்றிற்கெல்லாம் இடந்தருவது 24 பிட்டே. ஒலிக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் பழைய பதிவுகளைக் குறைந்தது 24 பிட், நொடிக்கு 48,000 அளவுகளில் மாற்றவேண்டும் என்றே பரிந்துரைக்கின்றது. நொய்ந்த நாடா ஒருமுறைதான் பாடும் எனில், அந்த ஒருமுறையை முழுமையாகப் பிடித்துக்கொள்வதே அறிவுடைமை. அவ்வாறு பதிக்கும் கையடக்கக் கருவியை அந்த வாக்மேன் விலையின் ஒரு பகுதிக்கே வாங்கலாம்.

செய்யத்தக்கது

தென்காசியில் பிறந்த பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியைத் தக்கலையில் ஆண்டுதோறும் விடிய விடியப் பலர் கூடிப் பாடுகின்றனர். குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி.கே.சி., கவியை வாய்விட்டுப் பாடியே சுவைக்கச் செய்தார். கேட்டல் என்பது இம்மண்ணில் பலர் கூடிச் செய்த செயல். நம் வீடுகளிலும் தாலாட்டும் திருமணப் பாட்டும் முனாஜாத்தும் பாடிய முதியோர் இன்னும் சிலர் உளர். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனுள் நாம் புகவில்லை. நாம் சேர்க்க விழைவது குரல். நம் தாய்மாரின் குரல்.

துறை சார்பில் ஒரு பதிவுக்கருவியும் பழுதற்ற நாடாக் கருவியும் வாங்குதல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பரணிலுள்ள நாடாக்களைக் கொணர்தல் வேண்டும். பூஞ்சை படிந்தவற்றை, துடைக்காமல் எக்கருவியிலும் இடலாகாது. வாழும் முதியோரை அவர்தம் இசைவுடன் பதிந்து, ஊர், ஆண்டு, பாடியவர் குறிப்புடன் காத்தல் வேண்டும். பெரியோர் இதற்குப் பொருளும் ஊக்கமும் நல்குவார்களாக.

வினா எழுப்பிய மாணவருக்கு நம் விடை: அமைதியான அறையும் கேட்கும் பொறுமையும் உமக்கிருப்பின் அக்கருவி தவறன்று, அவை இரண்டும் இருப்பின் கைப்பேசியும் நல்ல கம்பிக் காதணியுமே பெரிதும் போதும். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் சென்ற விடுமுறையில் கடையநல்லூரிலுள்ள தம் பாட்டியாரின் முன் கைப்பேசியை வைத்து மூன்று தாலாட்டுகளைப் பதிந்து வந்தார். மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டதாக வருந்தினார். அடுத்த முறை நிறுத்திவிட்டுப் பதியுமாறு சொன்னோம். அடுத்த முறை என்பது அவருக்கு வாய்க்க, அந்த அம்மையாருக்கு வல்ல இறைவன் நீண்ட ஆயுளை நல்குவானாக.