10 சென்டிமீட்டர் ஒளி



நம் இதழின் நெடுநாளைய வாசகர் ஒருவர், நாட்காட்டி ஒன்றிலிருந்து கத்தரித்த படத்தைத் தம் மடலோடு இணைத்து அனுப்பியிருக்கிறார். வெண்ணிறச் சுவர்கள் வளைந்து நிற்க, அவற்றின்மேல் காளான் குடை ஒன்று அமர்ந்தாற்போல் சாம்பல் நிறக் கூரை தெரிகிறது. "சுவாமி, இதையும் ஆலயம் என்கிறார்களே! சுரூபங்களைக் காணோம், அலங்காரத்தைக் காணோம், வெறும் சிமெண்டு. இதற்குள் பக்தி எப்படி வரும்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இம்மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

படத்தில் இருப்பது பிரான்சு நாட்டின் கிழக்கே, ரோன்ஷான் என்னும் சிற்றூரை அடுத்த குன்றின்மேல் உள்ள தேவமாதா ஆலயம். பல நூற்றாண்டுகளாக மக்கள் திருயாத்திரை சென்ற இடம் அது. அங்கிருந்த பழைய ஆலயம் 1944-ஆம் ஆண்டுப் போரில் குண்டுகளால் இடிந்தது. அதை மீண்டும் எழுப்ப லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞரை அழைத்தார்கள். அதே ஆண்டுகளில் நம் நாட்டில் சண்டிகார் நகரை வரைந்தவரும் அவரே. 1955-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் புதிய ஆலயம் திறக்கப்பட்டது.

"வெறும் சிமெண்டு" என்றார் நம் வாசகர். அந்தச் சுவர்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தால் அப்படிச் சொல்லமாட்டார். இடிந்த ஆலயத்தின் கற்களையே சுவர்களுக்குள் வைத்துக் கட்டி, அதன்மேல் காரையைச் சொரசொரப்பாகப் பூசிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் செபமாலை சொல்லியவர்களைச் சூழ்ந்து நின்ற கற்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. கூரையோ ஒரு நண்டின் ஓட்டைப் பார்த்து எழுந்த எண்ணம். மெல்லிய இரண்டு கான்கிரீட்டுத் தகடுகள், நடுவே வெற்றிடம். குன்றின்மேல் தண்ணீர்ப் பஞ்சம் என்பதால், கூரையில் விழும் மழைநீர் முழுவதும் ஒரே வாய் வழியாகத் தொட்டியில் இறங்கும்படி செய்திருக்கிறார்.

இனி ஒளியைப் பார்ப்போம். அவ்வளவு கனத்த கூரை சுவரின்மேல் படிந்து கிடப்பதில்லை. சுவருக்குள் மறைந்த தூண்கள் அதைத் தாங்க, சுவருக்கும் கூரைக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி விடப்பட்டுள்ளது. உள்ளே அமர்ந்திருப்பவருக்கு, பெரும்பாரம் ஒன்று ஒளிக்கீற்றின்மேல் மிதப்பதாகத் தோன்றும். தெற்குச் சுவர் மிகுந்த பருமன் உள்ளது. அதைக் குடைந்து அமைத்த சன்னல்கள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. சில வெளியே சிறுத்து உள்ளே விரிகின்றன. கதிரவன் நேரே உள்ளே பாய முடியாமல், அச்சுவரின் ஆழத்தில் தவழ்ந்து தணிந்து வருகிறான். மூன்று கோபுரங்களில் ஒன்று காலை ஒளியையும், ஒன்று மாலை ஒளியையும் வாங்குகின்றன. வடக்கு நோக்கிய பெரிய கோபுரம் நாள் முழுவதும் அதிகம் மாறாத ஒளியைத் தருகிறது. கோபுரத்தின் அடியிலுள்ள சிறு பீடத்தருகே நிற்பவருக்குச் சன்னல் தெரியாது. சுவர் வழியே வழிந்து இறங்கும் வெளிச்சம் மட்டுமே தெரியும்.

(நம் பீடங்களைச் சுற்றி மின்னி மின்னி அணையும் சீரியல் விளக்குகளைப் பற்றி இங்கே பேசினால் என் பங்கு மக்கள் வருத்தப்படுவார்கள். விட்டுவிடுகிறேன்.)

சுரூபம் இல்லை என்பதும் சரியன்று. இடிபாடுகளிலிருந்து மீட்ட தேவமாதா சுரூபம் கிழக்குச் சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னலுக்குள் நிற்கிறது. திருயாத்திரை நாள்களில் மக்கள் வெளியே புல்வெளியில் கூடித் திருப்பலி காணும்போது, அன்னையை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைக்கிறார்கள். ஒரே ஒரு சுரூபம். ஆனால் அதற்காகச் சுவரே வழி விட்டிருக்கிறது.

இதைக் கட்டியவர் விசுவாசி அல்லர் என்பது பலருக்கு இடறலாக இருந்தது. அத்தகையோரை ஆலயப் பணிக்கு அழைக்கலாம் என்று வாதாடியவர்களுள் முதன்மையானவர் சாமிநாதர் சபைக் குருவான மரி-அலேன் குத்தூரியே. அவரே ஓவியர், திருக்கலை பற்றிய இதழ் ஒன்றின் ஆசிரியர்களுள் ஒருவர். திறமையற்ற விசுவாசியைவிட, விசுவாசமில்லாத மேதையிடம் பணியை ஒப்படைப்பது மேல் என்பது அவர் துணிபு. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஆயினும் அவர் எதை எதிர்த்து அப்படிச் சொன்னார் என்பது புரிகிறது. அச்சில் வார்த்து வண்ணம் பூசிய இனிப்பான சுரூபங்கள் அன்று ஆலயங்களை நிறைத்திருந்தன.

அந்தத் துணிபு கடுஞ்சோதனைக்கு உள்ளான இடம் ஆல்ப்சு மலையிலுள்ள ஆஸ்ஸி. காசநோய் மருத்துவ விடுதிகள் நிறைந்த அவ்வூரில் நோயாளிகளுக்கெனக் கட்டிய ஆலயம் 1950-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதன் பீடத்துக்கு ஜெர்மேன் ரிஷியே என்னும் பெண் சிற்பி வெண்கலத்தில் ஒரு பாடுபட்ட சுரூபம் வார்த்துக் கொடுத்தார். அதில் முகம் தெளிவாக இல்லை. உடல் அரித்துப்போன மரம்போல் கரடுமுரடாக இருக்கிறது. விரிந்த கைகளும் சிலுவைக் கட்டையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மெருகு ஏற்றாமல், விரல் பதிந்த காயங்களோடு விடப்பட்ட உலோகம். ஆண்டவரை இழிவுபடுத்துகிறது என்று பெருங்கூச்சல் எழுந்தது. 1951-இல் ஆயரின் ஆணைப்படி சுரூபம் பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. மறு ஆண்டே திருக்கலையைக் குறித்து உரோமையிலிருந்தும் கண்டிப்பான அறிவுரை வந்தது.

எதிர்த்தவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். தாம் நேசிப்பவரின் முகத்தைக் காண விரும்புவது தவறா? ஆனால் அழகும் பொலிவும் இழந்து, பார்ப்போர் முகத்தை மறைத்துக்கொள்ளும்படி நின்ற ஊழியனைப் பற்றி இறைவாக்கினர் இசையாஸ் உரைத்ததை நாம் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று கேட்கிறோம். கேட்கும்போது தலை குனிகிறோம். வெண்கலத்தில் கண்டபோது மட்டும் கூச்சலிட்டோம். நுரையீரல் அரிக்கப்பட்டு அந்த மலையில் கிடந்தவர்களுக்கு அச்சுரூபம் அந்நியமாகத் தோன்றவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அது மீண்டும் பீடத்துக்கு வந்தது. இடையே, 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டுச் சாசனத்தில், ஆலயக் கலையில் வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான எழிலையே ஆயர்கள் நாட வேண்டும் என்று கூறியிருந்தது.

குத்தூரியே அடிகளார் இவற்றைக் காண இருக்கவில்லை, 1954-இல் இறந்தார். இறக்குமுன், லியோன் நகருக்கு அருகே லா தூரெத் என்னுமிடத்தில் தம் சபைக்கு மடம் கட்டும் பணியை லெ கொர்புசியேக்குப் பெற்றுத் தந்தார். லெ தோரோனே என்ற பழைய துறவு மடத்தைப் போய்ப் பார்க்குமாறும் அவரைக் கேட்டுக்கொண்டார். கல்லும் நிழலும் தவிர வேறு அலங்காரம் அறியாத மடம் அது. 1960-இல் முடிந்த லா தூரெத் ஆலயமும் அப்படியே: பலகை அச்சுப் பதிந்த கான்கிரீட்டுச் சுவர்கள், பூச்சு இல்லை. துறவியர் அமரும் இருக்கைகளுக்குப் பின்னே ஒடுங்கிய பிளவுகளின் வழியாக ஒளி நுழைகிறது. பக்கத்துச் சிறு பீடங்களின்மேல் வட்டக் குழாய்கள் வானத்தின் துண்டுகளை இறக்குகின்றன. அங்கே ஒரு சொல் சொன்னால் அது அடங்க நெடுநேரம் ஆகும். ஆதலால் யாரும் வீணாகப் பேசுவதில்லை.

1965 ஆகஸ்டில் லெ கொர்புசியே தென்பிரான்சில் கடலில் நீந்தும்போது இறந்தார். உடலைப் பாரிசுக்குக் கொண்டுசெல்லும் வழியில், விசுவாசியல்லாத அம்மனிதரின் பெட்டியைச் சாமிநாதர் சபைத் துறவிகள் லா தூரெத் ஆலயத்துக்குள் ஏற்று, ஓர் இரவு அங்கே வைத்திருந்தார்கள்.