அக்ரிலிக் ஓரத்துக்கு யார் கூலி தருவது?

பள்ளி ஆண்டு விழாவில் கொடுக்கும் நினைவுப் பரிசு, டாக்டர் வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை, நகைக்கடையில் கம்மல் மாட்டிவைக்கும் ஸ்டாண்டு. இவற்றுக்கெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போது பேரம் எதைச் சுற்றி நடக்கிறது? ஷீட் எத்தனை எம்.எம்., சதுர அடி என்ன விலை, எழுத்து எவ்வளவு உயரம். வெட்டிய ஓரத்தைப் பற்றி வாய் திறப்பவர் அபூர்வம். ஆனால் பொருள் கைக்கு வந்ததும் விரல் முதலில் தடவிப் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

நிறமற்ற அக்ரிலிக், தன்மேல் விழும் ஒளியில் சுமார் 92 சதவீதத்தை ஊடுருவ விடும். அப்படிப்பட்ட பொருளை ரம்பத்தால் அறுத்ததும் ஓரம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகிறது. ரம்பப் பல்லின் தடங்கள் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம். தடங்களை அழித்துவிட்டால் ஓரமும் முகப்பைப் போலவே தெளிந்துவிடும். ஓரத்தில் எல்இடி பொருத்தி, செதுக்கிய எழுத்தை ஒளிர வைக்கும் பலகைகளுக்கு இது வெறும் அழகு விஷயமில்லை. ஓரம் சொரசொரப்பாக இருந்தால் வெளிச்சம் சீராக உள்ளே பாயாது.

கையால் செய்யும் முறை பொறுமையைக் கேட்கும். ஹேக்ஸா பிளேடின் முதுகை ஓரத்தின் மேல் ஒரே சீராக இழுத்தால் மெல்லிய சுருள் சுருளாகச் சீவல் வரும். ரம்பத்தின் தடம் மறையும். அடுத்து 220, 400, 600, 800 என்று தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்க்க வேண்டும். முந்தைய தாள் போட்ட கீறலை அடுத்த தாள் முழுக்க அழித்தாக வேண்டும். அவசரப்பட்டு 220-லிருந்து 800-க்குத் தாவினால் கீறல்கள் அடியில் அப்படியே கிடக்கும். கடைசியில் பஃபிங் சக்கரத்தில் பிடிக்கும்போது பளபளப்போடு சேர்ந்து அவையும் பளிச்சென்று தெரியும். சக்கரத்தில் அழுத்திப் பிடித்தாலும் வம்புதான். அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். உராய்வுச் சூட்டிலேயே ஓரம் குழைந்து போகும்.

இத்தனை பாடும் கூலிக் கணக்கில் ஏறாதபோது, பட்டறைக்காரர் டார்ச்சைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஓரத்தின் மேல் தீயை ஒரே வீச்சில் ஓட்டினால் மேல்தோல் உருகி, கண் முன்னாலேயே கண்ணாடியாகிவிடும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த சுத்தமான தீ என்றால் புகைக்கரி படியாது. கை ஒரு நொடி தயங்கினால் கொப்புளம். இன்னும் தயங்கினால் ஷீட்டே தீப்பிடிக்கும். தேர்ந்த கை செய்தால் வேலை சுத்தம்.

வினை பிறகு வருகிறது. உருகியது மேல்தோல் மட்டும், உள்ளே சூடேறவில்லை. ஆறும்போது மேல்தோல் சுருங்கப் பார்க்கும், உள்பகுதி விடாது. அந்த இழுவிசை ஓரத்திலேயே ஒளிந்து கிடக்கும். பெட்டியாக ஒட்டுவதற்குக் குளோரோஃபார்ம் பட்டாலோ, துடைப்பதற்கு ஆல்கஹால் கலந்த திரவம் பட்டாலோ, ஓரம் முழுக்க மயிரிழை விரிசல்கள் கிளம்பிவிடும். வாடிக்கையாளர் “மட்டமான ஷீட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள்” என்று சண்டைக்கு வருவார். பாவம், ஷீட் என்ன செய்யும்?

லேசர் வந்துவிட்டதே, வெட்டும்போதே ஓரம் பளபளக்கிறதே என்று கேட்கலாம். லேசரும் சூட்டால்தான் வெட்டுகிறது. அந்த ஓரத்திலும் இதே இழுவிசை உண்டு. மருந்து எளியது. ஒட்டுவதற்கு முன் சுமார் 80 டிகிரி சூட்டில் அடுப்பில் சில மணி நேரம் வைத்து, மெல்ல ஆறவிட்டால் இழுவிசை தளர்ந்துவிடும். இன்னொரு வழி, ஒட்டப்போகும் ஓரத்தில் தீயே காட்டாமல் சமமாகச் சீவி மட்டும் ஒட்டுவது.

ஓரத்தை மதித்த தொழில் ஒன்றும் இருக்கிறது. 1949-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்ட் ரிட்லி, மனிதக் கண்ணுக்குள் முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் பொருத்தினார். லென்ஸ் அக்ரிலிக்தான். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமான முகப்பின் அக்ரிலிக் சில்லுகளைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததிலிருந்து வந்த யோசனை அது. கருவிழித் திரையை உரசக்கூடிய இடத்தில் உட்காரும் லென்ஸின் ஓரத்தில் பிசிறு இருக்கக் கூடாது. ஆகவே இத்தகைய லென்ஸ்களைச் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளோடு உருளையில் போட்டு நாள்கணக்கில் சுழற்றி மெருகேற்றும் முறை உருவானது. மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப், இந்த லென்ஸைச் சாமானியருக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. பெயர்ப் பலகைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் ஓரத்தை நேர்த்தியாக்குவது தனி வேலை, அதற்குத் தனி நேரம் வேண்டும் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

எனவே பில்லில் ஓரம் தனி வரியாக வர வேண்டும்: ரன்னிங் அடிக்கு இவ்வளவு, தீயில் மெருகு என்றால் ஒரு விலை, பஃபிங் என்றால் ஒரு விலை. வைர முனை கொண்ட இயந்திரம் ஓரத்தைத் தட்டையாக, மூலை மழுங்காமல், அதிகச் சூடேற்றாமல் சீவித் தரும். சின்னப் பட்டறைக்கு அதன் விலை எட்டாது. குறு, சிறு தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. விளம்பரப் பலகைத் தொழில் செய்பவர்கள் சேர்ந்து அப்படி ஒரு மையத்தைக் கேட்டு வாங்கலாம். அதில் ஒரு வைர முனை இயந்திரம், ஒரு சூட்டடுப்பு, குளோரோஃபார்ம் நெடியையும் தூசியையும் உறிஞ்சி வெளியேற்ற ஒரு விசிறி இருந்தால் போதும். மூன்றாவதை விட்டுவிடக் கூடாது. குளோரோஃபார்ம் ஆவி ஈரலைக் கெடுக்கும். இன்று பல பட்டறைகளில் அதை ஊசிக்குழாயில் ஏற்றி, முகக்கவசம்கூட இல்லாமல் குனிந்து ஒட்டுகிறார்கள்.

வாங்குபவர் பங்குக்கு ஒன்று செய்யலாம். பொருளை வெளிச்சத்தில் சாய்த்து ஓரத்தைப் பார்க்க வேண்டும். அலையலையாக, மூலை உருண்டு இருந்தால் தீ பட்டது. அப்படியானால் அதைச் சோப்புத் தண்ணீரால் துடைப்பதே நல்லது. கண்ணாடி துடைக்கும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது.