வட்டின் வழியா, ஓதத்தின் வழியா?

இளம் விண்மீனைச் சூழ்ந்து சுழலும் வாயுவும் தூசும் கலந்த வட்டிலேயே கோள்கள் பிறக்கின்றன என்பது, 2014இல் அல்மா தொலைநோக்கி எச்.எல். டாரி விண்மீனின் வட்டில் வளையங்களைக் காட்டியதாலும், 2018இல் பி.டி.எஸ். 70 வட்டின் இடைவெளியில் வளரும் கோளொன்று படம்பிடிக்கப்பட்டதாலும் கண்கூடாகிவிட்டது. தீராத கேள்வி வேறு: நீர் பனியாக உறையும் எல்லைக்கு அப்பால் பிறந்ததாகக் கருதப்படும் பெருங்கோள், சில நாள்களில் ஒரு சுற்றை முடிக்கும் அளவுக்கு விண்மீனை ஒட்டி வந்தது எப்படி?

ஒரு வழி வட்டிலேயே நிகழ்வது. கோளின் ஈர்ப்பால் வட்டின் வாயுவில் சுருள் அலைகள் எழுகின்றன. உட்புற அலை கோளை முன்னோக்கி உந்த, வெளிப்புற அலை பின்னோக்கி இழுக்க, பெரும்பாலும் பின்னதே விஞ்சுவதால் கோள் தன் கோண உந்தத்தை, அதாவது சுற்றியக்கத்தின் உந்தத்தை, இழந்து உள்நோக்கிச் சரிகிறது. புவியைப் போலச் சில மடங்கு நிறையுள்ள கருவுக்கு இச்சரிவின் வேகத்தைக் கணக்கிட்டால், சில மில்லியன் ஆண்டுகளில் வட்டு கலையுமுன்பே அது விண்மீனை எட்டிவிடும் என்று வருவது இன்றும் கோட்பாட்டாளரை வருத்துகிறது. வியாழன் அளவுக்கு வளர்ந்ததோ வட்டில் பள்ளம் பறித்துக்கொண்டு மெதுவாக நகர்கிறது. கோல்ட்ரைக்கும் ட்ரிமைனும் 1980இல் இந்நகர்வைக் கணித்தபோது, சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள்கூட அறியப்பட்டிருக்கவில்லை.

மற்றொரு வழி வட்டு மறைந்த பின் நிகழ்வது. அண்டைப் பொருளொன்றின் அலைக்கழிப்பால் கோளின் பாதை நீண்டு, விண்மீனை நெருங்கும்போதெல்லாம் ஓத விசை, அதாவது கடலில் ஏற்றவற்றம் உண்டாக்கும் அதே ஈர்ப்பு வேறுபாடு, அதன் ஆற்றலைக் கரைத்துப் பாதையைச் சுருக்குகிறது. மவுண்ட் அபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு இணைந்த பாரஸ் நிறமாலைமானியால் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தார் எடைபோட்டு 2023இல் அறிவித்த டி.ஓ.ஐ. 4603பி என்னும் கோள் இவ்வழிக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. வியாழனின் பருமனே கொண்ட அது வியாழனைப் போல் ஏறத்தாழ 13 மடங்கு நிறையுடையது, 7.25 நாளில் ஒரு சுற்று. பாதையின் மையப்பிறழ்ச்சி, அதாவது வட்டத்திலிருந்து விலகும் அளவு, 0.3க்குச் சற்று மேல்.

நடுத்தரத் தொலைநோக்கியொன்றின் இச்சாதனை பெருமைக்குரியது. எனினும் பிறழ்ச்சியை மட்டும் கொண்டு முடிவு கட்டுவது அவசரமாகும். வட்டின் வாயு சிறு கோள்களின் பாதையை வட்டமாக்கும் என்பது மெய்யே. ஆனால் இத்தகைய பெரு நிறை அகன்ற பள்ளம் பறிக்கும்போது அதே வட்டு பாதையை நீட்டவும் கூடும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. விண்மீனின் தற்சுழற்சி அச்சுக்கும் கோளின் பாதைக்கும் உள்ள சாய்வை அளந்து சேர்த்தாலன்றி வழக்கு தீராது.

ஓத விசையின் வேலையை அளப்பதில் சிறு கருவிகளுக்கும் பங்குண்டு. வாஸ்ப்-12பி என்னும் கோளின் சுற்றுக்காலம் ஆண்டுக்குச் சுமார் 29 மில்லிநொடி குறைந்துவருவது, விண்மீனைக் கோள் கடக்கும் நேரங்களைப் பல்லாண்டுகள் குறித்துவைத்ததால் தெரியவந்தது. அக்கடப்பில் ஒளி ஏறத்தாழ 1.4 விழுக்காடு மங்குவதால், நல்ல ஒளிப்பதிவுக் கருவி பூட்டிய சிறு தொலைநோக்கிக்கும் அது அகப்படும். கோலாலம்பூரின் விளக்கொளியைத் தாண்டிய வடசிலாங்கூரின் பாகான் நக்கோடா ஓமார் வயல்வெளிகளிலிருந்தும் ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் அவ்விண்மீன் உயர ஏறக் காணலாம். வடசிலாங்கூர் நோக்குநர்கள் வரும் பருவத்தில் அக்கடப்பு நேரங்களைப் பதிந்து பன்னாட்டுத் தொகுப்புகளுக்கு அனுப்ப வேண்டும்.