மிதிவண்டிக்குச் சாலையின் இடது ஓரம்: கோரிக்கை மனு

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நகல்: மாநகராட்சி ஆணையர், நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர்.

பொருள்: ஓய்வு நேரத்தில் மிதிவண்டி ஓட்டுவோருக்குச் சாலையோரத்தைச் சீர்செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மிதிவண்டிச் சங்கத்தில் பந்தய வீரர்கள் யாரும் இல்லை. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியைகள், மருந்துக் கடைக்காரர், கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் இளைஞர்கள் சிலர் இருக்கிறோம். சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன டாக்டரிடம் முட்டி வலியைக் காரணம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறியவர்களும் உண்டு. ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பி, ஆற்றங்கரைச் சாலையில் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போய், ஒரு டீ குடித்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவோம். அவ்வளவுதான் எங்கள் பொழுதுபோக்கு.

இந்த மனுவின் முதல் வரைவில் பச்சை வண்ணம் பூசிய தனித்தடம் கேட்டிருந்தோம். அதை டீக்கடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, கேரியரில் சட்டியும் கடப்பாரையும் கட்டிய சைக்கிளோடு பக்கத்தில் நின்ற கொத்தனார் குறுக்கிட்டார். "உங்களுக்குப் பொழுதுபோக்கு சார், எங்களுக்குப் பொழப்பு. தடம் போட்டா அதுல காரைத்தான் நிறுத்துவாங்க. ஓரத்தைக் கூட்டிவிடச் சொல்லுங்க, போதும்." அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் அந்தக் கோரிக்கையை அடித்துவிட்டோம். மிதிவண்டித் தடங்களுக்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸ் ஐ.ஆர்.சி. 11 என்ற நெறிமுறையை வைத்திருக்கிறது. புதிய சாலை போடும்போது அதைப் பின்பற்றினால் மகிழ்வோம். இப்போது கேட்பது அதைவிட மலிவானது.

முதலாவதாக, ஓரத்தைக் கூட்ட வேண்டும். டிப்பர் லாரிகளிலிருந்து சிந்தும் எம்-சாண்டும் பொடி ஜல்லியும் இடது ஓரத்திலேயே வந்து படிகின்றன. மோட்டார் சைக்கிளின் தடித்த டயர் அதைச் சமாளித்துவிடும். எங்களில் பலருடைய டயரின் அகலம் 28 மில்லிமீட்டர்தான். வளைவில் அந்த மணலில் இறங்கினால் முன்சக்கரம் வழுக்கும். மணலுக்குப் பயந்து நடுச்சாலைக்கு வந்தால் பின்னாலிருந்து பேருந்து ஹாரன் அடிக்கும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இரவில் கூட்டினால்கூடப் போதும். லாரிகள் தார்ப்பாய் போட்டு மூடிச் செல்வதைக் காவல்துறை உறுதிசெய்தால் கூட்டுவதற்கும் குறைவாகவே இருக்கும்.

அடுத்து, மழைநீர் வடிகால் மேல் போடும் இரும்புக் கம்பி மூடிகள். பல இடங்களில் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. மெல்லிய டயர் இரண்டு கம்பிகளுக்கு நடுவே விழுந்தால் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்க மாட்டார். எங்கள் ஆசிரியை ஒருவர் இப்படி விழுந்து, காறை எலும்பு முறிந்து, இரண்டு மாதம் இடது கையால் கரும்பலகையில் எழுதினார். புதிய மூடி வாங்க வேண்டியதில்லை. சதுர மூடியாக இருந்தால் தூக்கித் திருப்பி வைக்கலாம். நீள்சதுரமாக இருந்தால் குறுக்கே இரண்டு பட்டைக் கம்பிகளை வெல்டிங் வைத்தால் போதும். இடங்களின் பட்டியலும் படங்களும் இணைப்பில் உள்ளன.

வேகத்தைக் குறைக்கச் சாலைக்குக் குறுக்கே வரிசையாகப் போடும் தடிமனான வெள்ளைக் கோடுகளும் இப்படித்தான். காரில் போகிறவருக்கு அது ஒரு நொடி அதிர்வு, எங்களுக்கு முழங்கை வரை மரத்துப்போகும். இடது ஓரத்தில் ஒரு மீட்டர் மட்டும் கோடு இல்லாமல் விட வேண்டும். தெருநாய்களைப் பற்றி இதில் எழுதவில்லை. அதற்குத் தனி மனுவே வேண்டும்.

பெண் உறுப்பினர்கள் வற்புறுத்தும் கோரிக்கை ஒன்று உண்டு. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் அந்நகரில் சைக்கிளில் அணிவகுத்தார்கள். அன்று ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். நிர்வாகம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இன்று பிளஸ் ஒன் மாணவிக்கு அரசே விலையில்லா மிதிவண்டி தருகிறது. அவள் கல்லூரிக்குப் போனதும் அது மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கிறது. அதை எடுத்து ஓட்ட அம்மாவுக்கு ஆசை. நாற்பது வயதில் தெருவில் விழுந்து எழுந்து பழகக் கூச்சம். சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் மாநகராட்சிப் பள்ளி மைதானம் ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தால், கற்றுக்கொடுக்க எங்கள் உறுப்பினர்கள் வருவார்கள். சம்பளம் வேண்டாம், கழிவறையைத் திறந்துவைத்தால் போதும்.

கடைசியாக, வண்டி நிறுத்தும் இடம். நகராட்சிக்கு வரி கட்டி, தகர வில்லையை வாங்கிச் சைக்கிளில் மாட்டிய காலம் எங்கள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கிறது. விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் காவலர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். அன்று எங்களைப் பிடிக்கவாவது ஆள் இருந்தது. இன்று கட்டண வாகன நிறுத்தங்களில் "சைக்கிள் எடுக்கறதில்லை" என்கிறார்கள். அந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்தினால் கூடுதல் வசூல் என்ற கணக்கு எங்களுக்கும் புரிகிறது. ஆனால் பேருந்து நிலையத்திலும் அரசு அலுவலகங்களிலும் மிதிவண்டிக்கென ஒரு பகுதி ஒதுக்குவதை ஏல நிபந்தனையிலேயே சேர்க்கலாம். இந்த மனுவைக் கொடுக்க வந்த நாங்களும் தங்கள் அலுவலக வாசலில் வண்டிகளை வேப்பமரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.

எனவே, மேற்கண்டவற்றைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். இடங்களை நேரில் பார்க்கப் பொறியாளர் ஒருவரை ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். ஜீப் வேண்டாம், அவர் உயரத்தைச் சொல்லியனுப்பினால் சீட்டைச் சரிசெய்து ஒரு வண்டியைத் தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: கம்பி மூடிகள் உள்ள இடங்களின் பட்டியல், படங்கள், உறுப்பினர் கையொப்பங்கள்.