பரப்பு தெரிகிறது, தடிமன் தெரியவில்லை

சைபீரியாவின் பைகால் ஏரி ஜனவரியில் உறைந்தால் மே மாதம்வரை பனிக்கட்டி முழுதாக விலகுவதில்லை. அதன் மீது கார்களும் வேன்களும் ஓடும். 2009 ஏப்ரலில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களில், அந்த வெண்பரப்பின் மேல் சில கிலோமீட்டர் விட்டத்தில் கரிய வளையங்கள் தெரிந்தன. வளையத்தின் மீதே நிற்பவர் கண்ணுக்கும் அகப்படாத அளவுக்கு அவை பெரியவை. பழைய செயற்கைக்கோள் படங்களைப் புரட்டியபோது, முந்தைய ஆண்டுகளிலும் அவை தோன்றி மறைந்திருந்தது தெரியவந்தது.

ஏரியின் அடியிலிருந்து எழும் மீத்தேன் வாயுதான் காரணம் என்று முதலில் கருதினார்கள். பிரெஞ்சு, ரஷ்ய ஆய்வாளர்கள் 2016, 2017 ஆண்டுகளில் வளையம் இருந்த இடத்துக்கே போய், பனிக்கட்டியில் துளையிட்டுக் கருவிகளை இறக்கினர். சுற்றியுள்ள நீரைவிடச் சற்றே வெதுவெதுப்பான ஒரு நீர்ச்சுழல், கடிகார முள் திசையில் அங்கே சுழன்றுகொண்டிருந்தது. சுழலின் நடுவில் ஓட்டம் மந்தம் என்பதால் பனிக்கட்டி கெட்டியாகவே இருக்கிறது. விளிம்பில் ஓட்டம் வேகமானது. பனிக்கட்டி அடியிலிருந்து கரைந்து மெலிகிறது. அந்த விளிம்பில் வண்டிகள் மாட்டிக்கொண்டதும் உண்டு.

வளையத்தைச் செயற்கைக்கோள் காட்டியது. அதன் காரணத்தை, துளையிட்டவர்கள்தான் சொன்னார்கள். இந்த இரண்டாவது வேலை தேவையில்லை என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடம் பரவுவதுதான் என் கவலை.

வட அமெரிக்காவின் பேரேரிகளைப் பாருங்கள். சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ என்ற ஐந்திலும் பனிக்கட்டி எவ்வளவு பரவுகிறது என்பதற்கு 1973 முதல் தொடர்ச்சியான பதிவு உண்டு. 1979-இல் அது உச்சத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை எட்டியது. 2002-இல் 12 விழுக்காட்டைத் தாண்டவில்லை. 2014-இல் மீண்டும் 90-க்கு மேல் போனது. 2024 பிப்ரவரியிலோ அந்தப் பருவத்துக்கு இதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியது. பனிக்கட்டி மூடாத ஏரியிலிருந்து ஆவி எழுகிறது. அது பஃபலோ போன்ற கரையோர நகரங்களில் வெண்பனியாகக் கொட்டுகிறது. குளிர்கால அலைகளைத் தடுக்கப் பனிக்கட்டி இல்லையென்றால், வெண்மீன் இட்ட முட்டைகள் சிதைந்துபோகின்றன. ஆகவே இந்த விழுக்காட்டுக் கணக்கு வெறும் புள்ளிவிவரம் அல்ல.

இதை மேலிருந்து அளப்பது எளிதும் அல்ல. சாதாரணப் படத்தில் மேகமும் வெள்ளை, வெண்பனியும் வெள்ளை. குறு அலைநீள அகச்சிவப்பில் பார்த்தால்தான் மேகம் வெளுப்பாகவும் வெண்பனி கருப்பாகவும் பிரிந்து நிற்கும். ஆனால் மேகத்துக்குக் கீழே இருப்பதை அதனாலும் காட்ட முடியாது. பேரேரிகளின் மேல் குளிர்காலத்தில் பல நாள்கள் வானம் திறப்பதே இல்லை. இங்குதான் ரேடார் கைகொடுக்கிறது. அதற்கு மேகமும் தடையில்லை, இரவும் தடையில்லை. ஆயினும் காற்றில் அலைபாயும் நீர், ரேடாரில் கரடுமுரடான பனிக்கட்டிபோலப் பளிச்சிடும். புதிதாக உறைந்த வழவழப்பான பனிக்கட்டி, அசையாத நீரைப்போல இருண்டு கிடக்கும். எது எது என்று பிரித்தறிய, அனுபவமுள்ள மனிதர்கள் வேண்டும்.

இத்தனையும் பரப்பைப் பற்றித்தான். பனிக்கட்டியின் மேல் நடப்பவருக்கு வேண்டியது தடிமன். தெளிந்த பனிக்கட்டி பத்து சென்டிமீட்டர் இருந்தால் ஒருவர் நடக்கலாம் என்பது அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் அளவு. வெண்பனி விழுந்தால் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. அது கம்பளிபோல மூடிக் கிடப்பதால் அடியில் பனிக்கட்டி வளர்வது குறைகிறது. கூடுதலாக விழுந்தால் அதன் பாரத்தில் பனிக்கட்டி அமிழ்ந்து, விரிசல் வழியே நீர் மேலேறி, வெண்பனியில் ஊறி உறைகிறது. அப்படி உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்கு வலு ஏறக்குறையப் பாதிதான். உயரமானி தாங்கிய செயற்கைக்கோள்களிலிருந்து தடிமனைக் கணிக்கும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் அவை தங்கள் பாதைக்கு நேர் கீழே உள்ள குறுகிய கோட்டில் மட்டுமே அளக்கின்றன. ஈரமான வெண்பனி குறுக்கிட்டால் அந்த அளவும் நம்பத்தக்கதல்ல.

2009 பிப்ரவரி 7 அன்று ஓஹியோ கரையோரம் ஈரி ஏரியில் நடந்ததை நினைவில் வைக்க வேண்டும். மீன்பிடிக்கப் போனவர்கள், குறுக்கே இருந்த விரிசலின் மேல் மரப்பலகைகளைப் பாலமாகப் போட்டுக் கடந்திருந்தார்கள். காற்று வலுத்ததும் பனிக்கட்டி பிளந்து ஏரிக்குள் நகர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்க வேண்டியதாயிற்று, ஒருவர் இறந்தார். காற்று கிளம்பிச் சில மணி நேரத்தில் நடந்துவிடும் இப்படியொரு மாற்றத்தை, சில நாள்களுக்கு ஒருமுறை கடக்கும் செயற்கைக்கோள் எப்படிப் பிடிக்கும்?

பேரேரிகளின் கரையோரங்களில் 1966 முதல் 1979 வரை, பனிக்கட்டியில் துளையிட்டுத் தடிமனை அளந்து தொகுத்தார்கள். ஏறக்குறைய 90 இடங்கள். அந்தத் தொகுப்பு அதோடு நின்றது. பரப்புக்கு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய பதிவு இருக்கும்போது, தடிமனுக்கு அத்தகைய நீண்ட பதிவு இல்லாமல் போனது பெரும் இழப்பு. இன்று வெளியாகும் எந்தக் கணிப்பு முறையையும் சரிபார்க்க அப்படியொரு பதிவுதான் வேண்டியிருக்கிறது.

செயற்கைக்கோள்களையும் சாஸ்வதமாக நம்ப முடியவில்லை. ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1பி, 2021 டிசம்பரில் பழுதாகிச் செயலிழந்தது. அதன் இடத்துக்கு சென்டினல்-1சி ஏவப்பட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. 2025 தொடக்கத்தில் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர்; பேரேரிகளை ஆராயும் மிச்சிகன் ஆய்வகமும் தப்பவில்லை. ரேடார் படத்தில் நீரையும் பனிக்கட்டியையும் பிரித்தறியும் திறமை, ஆள்குறைப்புக்குப் பிறகு ஒரே ஆண்டில் மீண்டும் வளர்த்துவிடக் கூடியதல்ல.

2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து அனுப்பிய நிசார், இரு அலைவரிசைகளில் இயங்கும் ரேடார். பூமியின் நிலத்தையும் பனிப்பரப்பையும் ஏறத்தாழ முழுமையாக 12 நாள்களில் இரு முறை பார்க்கும். அதன் தரவு எல்லோருக்கும் இலவசம். அந்தத் தரவை நம்பத்தக்கதாக்க, பேரேரிகளின் கரையில் சில பத்து இடங்களிலாவது வாரந்தோறும் துளையிட்டு, தடிமனையும் வெண்பனியின் ஆழத்தையும் அளக்கும் வேலையை அமெரிக்காவும் கனடாவும் மீண்டும் தொடங்க வேண்டும். செயற்கைக்கோளுக்கு ஆகும் செலவில் இது மிகச் சிறு பங்கு. அடுத்த குளிர்காலத்துக்குள் செய்யக்கூடியதும்கூட.